கூர்செல்களின் லாண்டரி

கூர்செல் என்பது பிரெஞ்சுப் பெயர். அதைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் ஒருவரும் இல்லை. அதைப் பலகையில் எழுதி மாட்டாதவரும் இல்லை. மேட்டுத் தெருவின் முனையில் கூர்செல் ஹோட்டல். அதற்குப் பின்னால் கூர்செல் கிளினிக். பாலம் தாண்டினால் கூர்செல் பள்ளி, விடுதி வசதியுடன். இந்த மூன்றையும் சுற்றிக்கொண்டு இறங்கும் தெரு கூர்செல் தெரு. தெரு இறங்கி மூச்சு வாங்கும் இடத்தில் கூர்செல் பஸ் நிறுத்தம்.

ஹோட்டல் வரவேற்பறையில் தளபதி கூர்செல் வாளோடு தொங்குகிறார். கிளினிக்கில் டாக்டர் கூர்செல், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு. பள்ளியில் கல்வி வள்ளல் கூர்செல், கையில் புத்தகத்தோடு. மூன்று பேருக்கும் ஒரே மீசை. படம் வரைந்தவனிடம் அந்த ஒரு மீசைதான் இருந்தது போலும்.

லாண்டரி அக்காவுக்கு இவர்களில் யாரையும் தெரியாது. அவளுக்குத் தெரிந்த கூர்செல் ஒரு ஸ்டீம் பிரஸ். யாரோ ஓட்டி ஓய்ந்து பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்ட மெஷின். அதன் மூடியில் அந்தப் பெயர் வார்ப்பெழுத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். கடை திறந்த அன்று பலகை எழுத வந்தவன் என்ன பெயர் போடட்டும் என்று கேட்டான். அவள் இரண்டு கையிலும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அந்த மெஷின்ல என்ன எழுதியிருக்கோ அதையே எழுதித் தொலைப்பா" என்றாள். எழுதித் தொலைத்தான். கூர்செல் லாண்டரி.

அப்போது புருஷன் உடனிருந்தான். கடைக்குத் தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். நல்லவேளை, வைக்கவில்லை. அந்த வருஷமே அவன் டிரையர் விற்க வந்தவளோடு போய்விட்டான். வைத்திருந்தால் பலகைச் செலவு வேறு.

புருஷன் போன கொஞ்ச நாளில் ஹோட்டல் வேன் வந்து வாசலில் நின்றது. டிரைவர் இறங்காமலேயே தலையை நீட்டி, "நம்ம லாண்டரிதானே இது?" என்று கேட்டான்.

அவள் பலகையைப் பார்த்தாள். வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். பின்னால் குவிந்திருந்த பெட்ஷீட் மூட்டைகளைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

அந்த ஒரு ஆமாவில்தான் அதற்குப் பிறகு எல்லாச் சாப்பாடும் வந்தது. கிளினிக் வேன் வந்தபோதும் அதே கேள்வி, அதே ஆமா. பள்ளி விடுதியின் வண்டிக்காரன் கேள்வியே கேட்கவில்லை. பலகையைப் பார்த்தான், இறக்கினான், போனான். சலவைக்கு என்ன விலை என்று யாரும் கேட்டதில்லை. சொந்த வீட்டுச் சமையலறையில் யார் விலை கேட்பார்கள்? ஹோட்டலின் கணக்குப் பிரிவு அவளைத் தங்கள் பின்கட்டு என்று நினைத்தது. கிளினிக்கின் கணக்குப் பிரிவு அவளைத் தங்கள் கீழ்த்தளம் என்று நினைத்தது. கிளினிக்குக் கீழ்த்தளமே கிடையாது என்பது கணக்குப் பிரிவுக்குத் தெரியாது. அவர்கள் இருப்பது வேறு கட்டடத்தில்.

சம்பளம் மாதிரி மாதாமாதம் வந்தது. சுற்றறிக்கைகளும் வந்தன. விருந்தினரைக் கண்டால் பல் தெரியப் புன்னகைக்க வேண்டும் என்று ஹோட்டல். நகம் வெட்டியிருக்க வேண்டும் என்று கிளினிக். காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் நடவடிக்கை என்று பள்ளி. எல்லாவற்றையும் அவளுடைய தம்பி உரக்கப் படித்துவிட்டு, "மெஷின், பல்லைக் காட்டு. நகத்தை வெட்டு" என்று டிரையருக்கு உத்தரவு போடுவான்.

தம்பிக்கு ஊரில் வக்கீல் என்று பெயர். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது, வாதம் மட்டும் நிற்கவில்லை. வயது நாற்பதைத் தாண்டியும் அக்கா போடும் சோற்றைத் தின்றுகொண்டே அக்காவை எதிர்த்து வழக்காடுகிறவன். மூட்டை தூக்குவான், அதனால் வைத்திருந்தாள்.

வேலையில் மட்டும் அவள் யாரையும் ஏமாற்றவில்லை. மூன்று இடத்துக்கும் மூன்று வாஷிங் மெஷின். ஹோட்டல் மூட்டைக்குச் சிவப்புக் கயிறு, கிளினிக்குக்கு நீலம், பள்ளிக்கு வெள்ளை. ஒன்று இன்னொன்றின் தண்ணீரைத் தொட்டதில்லை. ஹோட்டல் துணியில் ஒயின், உதட்டுச்சாயம், தலைக்கு அடிக்கும் மை. கிளினிக் துணியில் ரத்தம். அதற்குப் பச்சைத் தண்ணீர்தான், சூடு பட்டால் கறை குடியேறிவிடும். பள்ளித் துணியில் பேனா மையும், தலையணைக்கு அடியில் ஒளித்துத் தின்ற ரொட்டித் தூளும். கடைசியில் எல்லாம் ஏறுவது அந்த ஒரே பிரஸ்ஸில். அதன் சூட்டில் தளபதியும் டாக்டரும் வள்ளலும் ஒரே மாதிரி தட்டையாகிவிடுவார்கள்.

மூன்று இடத்திலிருந்தும் சீருடை வந்திருந்தது. கதவுக்குப் பின்னால் மூன்று ஆணி. ஹார்ன் சத்தம் கேட்டதும் எந்த வேன் என்று தெரிந்துவிடும், அதற்குத் தக்க கோட்டை மாட்டிக்கொள்வாள். ஒருதடவை அவசரத்தில் கிளினிக் கோட்டோடு ஹோட்டல் வேனுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"என்னக்கா, நர்ஸ் வேலைக்குப் போறியா?" என்றான் டிரைவர்.

"உனக்கு ஊசி போடத்தான். மூட்டையை இறக்கு."

அவன் சிரித்துவிட்டு இறக்கினான். மனிதர்கள் சிரித்துவிட்டால் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

கடைக்கு மூட்டை இல்லாமல் வருகிற ஒரே வாடிக்கைக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வாரம் ஒரு சட்டை கொண்டுவருவார். பிரஸ் ஆகி முடியும்வரை உள்ளே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சட்டையில் கட்டும் துண்டுச் சீட்டில் எழுத அவள் முதல் நாள் பெயர் கேட்டபோது, "கூர்செல்" என்றார்.

"கடைப் பேரைக் கேக்கலை. உங்க பேரு."

"அதான் சொல்றேன். எங்கப்பா பேரும் அதான், அவங்கப்பா பேரும் அதான். அவங்க என்ன சாதிச்சாங்கன்னு கேக்காதே. கடன் வாங்கினாங்க, சண்டை போட்டாங்க, செத்துப் போனாங்க."

அந்த வட்டாரத்தில் அந்தப் பெயரோடு பிறந்த ஆள் அவர் ஒருவர்தான். அதனால் அவருக்கு எந்த உபயோகமும் இருந்ததில்லை. கூர்செல் நிறுத்தத்தில் இத்தனை வருஷம் விசில் ஊதியவரிடம், உங்கள் பெயரா இது என்று ஒரு பயணிகூடக் கேட்டதில்லை.

*

லாண்டரிக்கு எதிர்ப்புறம் கிடந்த காலி மனையில் கட்டடம் எழும்பியபோது லாண்டரி அக்கா சந்தோஷப்பட்டாள். வீடு வந்தால் துணி வரும். கட்டடம் பாதி முடிந்ததும் பலகை ஏறியது. கூர்செல் ரெசிடென்ஸ். தங்க எழுத்து. மறுநாள் பில்டரே இறங்கி வந்தார். பளபளக்கும் காலணியோடு சோப்புத் தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்து, கடைக்குள் கால் வைக்க இடம் தேடினார்.

"இங்க பாருங்கம்மா. என் வீட்டு பால்கனியில நின்னா நேரா உங்க போர்டுதான் தெரியுது."

"நல்லா தெரியுதா சார்? போன வருஷம்தான் பெயின்ட் அடிச்சேன்."

"அதைச் சொல்லலை. கோடி கோடியா குடுத்து கூர்செல்ல வீடு வாங்கறவன், கீழ குனிஞ்சா கூர்செல்ல அழுக்குத் துணி காயுது. எப்படி இருக்கும்?"

"காயப்போடறது இல்ல சார். டிரையர்லதான்."

தம்பி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றான். "சட்டப்படி பால்கனின்னா வெளிய பாக்கறதுக்கு. பாக்கப் பிடிக்கலேன்னா திரை போட்டுக்கலாம். திரை அழுக்கானா துவைக்க எங்கக்கா இருக்கா."

"இது யாரு?"

"என் தம்பி சார். கண்டுக்காதீங்க."

பில்டர் கண்டுகொள்ளவில்லை. நிதானமாகச் சொன்னார்: "பேரை மாத்திடுங்க. போர்டு செலவு என்னோடது. ரோஜா லாண்டரி, நிலா லாண்டரின்னு எதையாவது வெச்சுக்கங்க. உங்களுக்கு எந்தப் பேரா இருந்தா என்ன, அழுக்கு அதே அழுக்குதானே?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சிக்கல்.

அவர் போனதும் தம்பி ஆரம்பித்தான். "மாத்திடுக்கா. இலவச போர்டு. ரோஜா நல்லாதானே இருக்கு?"

"ரோஜா லாண்டரியைத் தேடி எந்த வேன் வரும்?"

"வழக்கமா வர்ற வேன்தான்."

"டேய், அவனுங்க என்னைத் தேடி வர்றாங்களா? அவனுங்க பேரைத் தேடி வர்றாங்க. ரோஜான்னு போட்டா, ரோஜா யாரு, டெண்டர் எங்கே, ஏன் இவளுக்குக் குடுக்கணும்னு கேப்பாங்க. கேக்க ஆரம்பிச்சா முடிஞ்சுது."

தம்பி குனிந்து அடுத்த மூட்டையைத் தூக்கினான்.

பில்டர் காத்திருக்கிற ரகம் இல்லை. மறுநாள் காலையில் அவருடைய ஆட்கள் ஏணியோடு வந்து, கட்டட வேலைக்குப் போடும் பச்சை வலையைப் பலகையின் மேல் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார்கள். தூசி படாமல் இருக்க என்றார்கள். தூசி அவர்களுடையதுதான்.

அன்றைக்குப் பார்த்து ஹோட்டல் வேனின் வழக்கமான டிரைவர் விடுப்பு. புது ஆள் ஒருவன் தெருவில் இறங்கினான். பலகையைத் தேடினான், காணவில்லை. திரும்பி ஏறினான். மறுபடி இறங்கினான். தம்பி ஓடினான். "நில்லுப்பா, இங்கதான், இங்கதான்!" என்று கத்திக்கொண்டே வேனுக்குப் பின்னால் ஓடினான். கண்ணாடியில் அதைப் பார்த்த புது டிரைவர், எவனோ வம்புக்கு வருகிறான் என்று வேகத்தைக் கூட்டினான்.

அரை மணி நேரத்தில் போன் அடித்தது. ஹோட்டல் மேனேஜர். "நம்ம லாண்டரியை யாரைக் கேட்டு இடம் மாத்தினீங்க?"

"மாத்தலை சார். வலை விழுந்துடுச்சு."

"வலையா? என்ன வலை? இருபது ரூம் வெறும் மெத்தையோட கிடக்குது. நான் விருந்தாளியை எதுல படுக்க வைக்கிறது?"

அவள் ஸ்டூல் போட்டு ஏறி, கத்தரியால் வலையைக் கிழித்து எறிந்தாள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பச்சை வலை. அதற்கே இந்தக் கதி. ஹோட்டல் போனால் ஒரு மெஷின் நிற்கும். கிளினிக்கும் போனால் கரண்ட் பில் கட்ட முடியாது. பள்ளியும் போனால் தம்பியை யாராவது ஒரு உண்மையான வக்கீலிடம் எடுபிடியாகச் சேர்க்க வேண்டியதுதான், தனக்கு அதுவும் இல்லை.

அன்று சாயங்காலமே பஸ் நிறுத்தத்தில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. கூர்செல் என்ற பெயருக்கு உரிமையுள்ள அனைவரும் ஞாயிறு காலை கூர்செல் ஹோட்டல் அரங்கில் கூட வேண்டும், இப்படிக்கு பில்டர். பெயரை யார் வைத்துக்கொள்வது, யார் விடுவது என்று பேசி முடிவெடுக்கப்படும். தேநீர் உண்டு.

"எல்லாரும் ஒரே ரூம்ல" என்றான் தம்பி.

"தெரியுது. சொல்லாதே."

*

ஞாயிற்றுக்கிழமை மூன்று கோட்டுகளின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். எதைப் போட்டாலும் இரண்டு பேருக்குத் துரோகம். கடைசியில் தன் சொந்தத் துணியையே உடுத்திக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு போனாள். பாதி வழியில்தான் அது கசங்கியிருப்பதைக் கவனித்தாள். ஊர்த் துணிக்கெல்லாம் மடிப்பு வைக்கிறவளுக்குத் தன் துணிக்கு ஒரு மடிப்பு வைக்கத் தோன்றவில்லை.

அரங்கில் நீள மேஜை. அதன் மேல் விரிப்பு, அவள் வியாழக்கிழமை பிரஸ் பண்ணியது. கிளினிக் நிர்வாகியின் வெள்ளைக் கோட்டு, அவள் பிரஸ் பண்ணியது. விடுதியில் தங்கியிருக்கும் பள்ளி முதல்வரின் கைக்குட்டையும் அவள் பிரஸ் பண்ணியதுதான். அறையில் அவள் கை படாதது பில்டரின் சட்டையும் வாசலில் நடந்துகொண்டிருந்த வாக்குவாதமும் மட்டும்தான். வாசலில் பஸ் கண்டக்டரைத் தடுத்து வைத்திருந்தார்கள்.

"எந்த நிறுவனம் சார்?" என்று கேட்டான் வாசல்காரன்.

"நிறுவனம் இல்லப்பா. நான்தான்."

"நீங்கதான்னா?"

"கூர்செல். நான்தான். பஸ் ஸ்டாப்ல ஒட்டியிருந்தீங்களே, பேருக்கு உரிமை உள்ளவங்க வரணும்னு."

"பஸ் ஸ்டாப் சார்பா வந்திருக்கீங்களா?"

"அப்படியே வெச்சுக்க. டீ எந்தப் பக்கம்?"

பின் வரிசையில் உட்கார வைத்தார்கள். லாண்டரி அக்காவைப் பார்த்துக் கையசைத்துவிட்டு பிஸ்கட்டை டீயில் நனைக்க ஆரம்பித்தார்.

ஹோட்டல் மேனேஜரும் கிளினிக் நிர்வாகியும் முதல்வரும் தங்கள் தங்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். மேஜையில் வரிசையாகச் சாய்த்து வைத்ததும் மூன்று மீசையும் ஒரே கோட்டில் நின்றன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தளபதியின் வீரத்தைப் பற்றி ஹோட்டல் மேனேஜர் பேசினார். எந்தப் போர் என்று கேட்டதற்கு, முக்கியமான போர் என்றார். டாக்டர் கூர்செல் ஒரு கொள்ளைநோயை விரட்டினார் என்றார் கிளினிக் நிர்வாகி. என்ன நோய் என்று கேட்டதற்கு, அது இப்போது இல்லை, அதுவே ஆதாரம் என்றார். முதல்வர் ஒரு படி மேலே போய், வள்ளல் இல்லையென்றால் தளபதிக்கும் டாக்டருக்கும் எழுதப்படிக்கவே தெரிந்திருக்காது என்றார்.

"உங்க கூர்செல் யாரு சார்?" என்று ஹோட்டல் மேனேஜர் பில்டரைக் கேட்டார்.

"என்னோடது ஒரு லைஃப்ஸ்டைல்" என்றார் பில்டர். எல்லோரும் மரியாதையோடு தலையாட்டினார்கள். அதற்கு மீசை தேவையில்லை.

பில்டர் விஷயத்துக்கு வந்தார். "நாம நாலு பேரும் கௌரவமான ஸ்தாபனங்கள். நமக்குள்ள விட்டுக்குடுத்துப் போயிடலாம். ஆனா இந்தப் பேரை அசிங்கப்படுத்தற ஒண்ணு இருக்கு. என் வாசலுக்கு எதிர்ல ஒரு லாண்டரி. அதை முதல்ல மாத்தணும்."

"என்னது?" என்று நிமிர்ந்தார் ஹோட்டல் மேனேஜர். "அது எங்க லாண்டரி சார். எங்க பிரோஷர்லயே போட்டிருக்கோம், சொந்த சலவைப் பிரிவுன்னு."

லாண்டரி அக்கா விரிப்பின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க லாண்டரியா?" கிளினிக் நிர்வாகி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அது எங்க கீழ்த்தள யூனிட். சுகாதார ஆய்வுக்கு வந்தவங்ககிட்ட நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"விளையாடாதீங்க" என்றார் முதல்வர். "பிள்ளைங்க துணியை நாங்களே துவைக்கிறோம்னு பெத்தவங்க கூட்டத்துல வருஷா வருஷம் பேசறேன். கைதட்டல் எல்லாம் வாங்கியிருக்கேன்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். சுவரோரம் நின்ற தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் ஹோட்டல் மேனேஜர். "நீங்க யாரோட ஆளு?"

அவள் வீட்டிலிருந்து ஒரு பொய் தயாரித்துக் கொண்டுவந்திருந்தாள். இப்போது தேடினால் காணவில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற இரண்டு மெஷினும் நிற்கும்.

"யாரோட துணி கையில இருக்கோ, அப்ப அவங்க ஆளு சார். கேட்டீங்க, ஆமான்னு சொன்னேன். இல்லேன்னு சொல்லியிருந்தா நீங்க அடுத்த தெருவுல வேற எவளையாவது கேட்டிருப்பீங்க. துணியைக் கலக்கலை. மெஷின் தனி, தண்ணி தனி. பிரஸ் மட்டும் ஒண்ணு."

பின் வரிசையில் கண்டக்டர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார்.

முடிந்தது என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் எதிர்பார்த்த கூச்சல் எழவில்லை. மூன்று முகத்திலும் அவளுக்கு நன்றாகப் பழகிய ஒரு கறை மெல்லப் பரவியது. பயம். ஹோட்டல் மேனேஜர் தன் விருந்தாளிகளின் தலையணை உறை கிளினிக் படுக்கை விரிப்போடு ஒரே கூரையின் கீழ் இருந்ததை நினைத்தார். கிளினிக் நிர்வாகி தான் கையெழுத்துப் போட்ட, இல்லாத கீழ்த்தளத்தை நினைத்தார். முதல்வர் கைதட்டலை நினைத்தார். இவளைக் குற்றவாளி ஆக்க வேண்டுமென்றால், இத்தனை வருஷம் எவளோ ஒருத்திக்குக் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுத்ததை மேலிடத்தில் சொல்ல வேண்டும். மேலிடம் அவர்களைத்தான் துவைக்கும்.

முதலில் வாயைத் திறந்தவர் கிளினிக் நிர்வாகி. "இது... ஒரு ஒருங்கிணைந்த ஏற்பாடு."

"அதேதான்" என்றார் ஹோட்டல் மேனேஜர், தண்ணீரில் விழுந்தவன் கயிற்றைப் பிடிப்பது போல. "ஆரம்பத்துலேருந்தே கூட்டு வசதியாதான் திட்டம் போட்டோம். இல்லீங்களா?"

"என் யோசனைதான் அது" என்றார் முதல்வர்.

பில்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விஷயம் முழுக்கப் புரியவில்லை, ஆனால் மூன்று பேர் ஒரு வசதியை அனுபவிக்கிறார்கள், தான் வெளியே நிற்கிறோம் என்பது மட்டும் உடனே புரிந்தது. "அப்ப ரெசிடென்ஸுக்கும் அதுல பங்கு உண்டா?"

"தாராளமா."

"அப்ப சரி. சொந்த லாண்டரின்னு போட்டா இன்னும் விலை ஏத்தலாம். போர்டு இருக்கட்டும்."

லாண்டரி அக்கா மூச்சை விட்டாள். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது பில்டர் கையை உயர்த்தினார்.

"ஆனா பேரை ஒழுங்குபடுத்தணும்னு கூடியிருக்கோம். யாரும் எதையும் விட்டுக்குடுக்கலேன்னா கூட்டம் எதுக்கு? இன்னும் யாரு பாக்கி?"

எல்லோருடைய பார்வையும் பின் வரிசைக்குப் போனது.

"நீங்க எந்த ஸ்தாபனம்?" என்று கேட்டார் முதல்வர்.

"நான் ஸ்தாபனம் இல்லீங்க. பேரே அதான். பொறந்ததுலேருந்து." கண்டக்டர் ஓய்வூதிய அட்டையை எடுத்து நீட்டினார். அட்டையில் பெயர் தப்பாக அச்சாகியிருந்தது. கையில் வாங்கிப் பார்த்த பில்டர் அதைச் சுட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா, இவர்கிட்ட சரியான ஆதாரமும் இல்ல. தனி நபர்கள் இந்தப் பேரை வெச்சுக்கிட்டு சுத்தறதாலதான் குழப்பமே. தபால் மாறுது, வண்டி மாறுது."

வண்டி மாறியதற்குக் காரணம் பச்சை வலை என்று சொல்ல அங்கே ஒருத்திதான் இருந்தாள். சொல்லவில்லை.

தீர்மானம் தயாரானது. கூர்செல் என்ற பெயர் கூட்டு ஸ்தாபனங்களுக்கு உரியது. தனி நபர்கள் இவ்வட்டாரத்தில் முன் அனுமதியின்றி அதைப் பொது இடத்தில் பயன்படுத்தக் கூடாது.

"அப்ப என் பேரை நான் என்ன பண்றது?" என்றார் கண்டக்டர்.

"வீட்டுக்குள்ள தாராளமா வெச்சுக்கலாம் சார். அதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் ஹோட்டல் மேனேஜர், சுற்றறிக்கையில் சொன்னபடி பல் தெரிய.

"வீட்டுல நான் தனியாதான்யா இருக்கேன். யாரு கூப்பிடப் போறா?"

ஒருமனதாக நிறைவேற வேண்டும் என்றார் பில்டர். நாலு கை உயர்ந்தது. ஐந்தாவதாக, கூட்டு வசதியின் கை பாக்கி. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கண்டக்டர் மட்டும் பார்க்கவில்லை. டீக்குள் உடைந்து விழுந்த பிஸ்கட்டை விரலால் எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையைத் தூக்கினாள். யாரும் பிடித்துத் தூக்கவில்லை. அவள்தான் தூக்கினாள்.

திரும்பி வரும் வழியில் தம்பி வாயைத் திறக்கவில்லை. பாலம் வந்ததும் தாங்க முடியாமல், "ஏதாவது சொல்லுடா" என்றாள்.

"உன் கட்சிக்காரனுக்கு எதிரா நீயே சாட்சி சொல்லிட்டே. நான் என்ன சொல்றது?"

"அவர் என் கட்சிக்காரர் இல்ல. வாரம் ஒரு சட்டை."

"சரி" என்றான் தம்பி. அவன் ஒரு விஷயத்தில் ஒரே வார்த்தையில் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

*

அடுத்த வாரம் கதவுக்குப் பின்னால் நாலாவது ஆணி அடிக்கப்பட்டது. ரெசிடென்ஸின் சீருடை, தங்க நிற நூலில் பெயர் தைத்தது. கூடவே சுற்றறிக்கை: சலவைப் பிரிவில் வெளி ஆட்களுக்கு அனுமதி இல்லை. தம்பி அதைச் சுவரில் ஒட்டினான். டிரையருக்குப் படித்துக் காட்டவில்லை.

கண்டக்டர் வழக்கம்போல ஒரு சட்டையோடு வந்தார். முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் துண்டுச் சீட்டை எடுத்தாள், பேனாவை எடுத்தாள். நின்றாள்.

"என்ன யோசிக்கிறே? கண்டக்டர்னு எழுது. அதுக்கு யாரும் அனுமதி கேக்க மாட்டாங்க."

எழுதினாள். மன்னிச்சுக்கங்க என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்னால் சட்டை வெளுத்துவிடாது என்று விட்டுவிட்டாள். பிரஸ்ஸின் மூடியை இறக்கினாள். கூர்செல் என்று புடைத்த எழுத்து ஆவியில் வியர்த்தது.

"இந்த மெஷினுக்கு அனுமதி வாங்கிட்டியா?" என்றார் அவர்.

தம்பி சிரித்துவிட்டான். அவளும் சிரித்திருப்பாள், அதற்குள் வெளியே புது ஹார்ன் கேட்டது. தங்க எழுத்து போட்ட வேன். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

புது டிரைவர் எட்டிப் பார்த்தான். "நம்ம லாண்டரிதானே?"

"ஆமா."

அவன் திரைச் சீலை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தான். பெஞ்சைப் பார்த்தான், சுவரில் இருந்த சுற்றறிக்கையைப் பார்த்தான். "இவரு யாருக்கா? நம்ம கூர்செல்லா?"

கண்டக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சீட்டில் எழுதுவதற்கு முன் அவள் பேனாவோடு நின்றாளே, அதே மாதிரி காத்திருந்தார்.

"வெளி ஆளு" என்றாள்.

அவர் எழுந்து, பெஞ்சைத் தானே ஒரு முனையில் தூக்கினார். தம்பி ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பேரும் அதை வாசலுக்கு வெளியே, பலகைக்கு நேர் கீழே கொண்டுபோய்ப் போட்டார்கள். கண்டக்டர் அதில் வசதியாக உட்கார்ந்து, தன் சட்டைக்காகக் காத்திருந்தார்.